அலையை அளக்கும் கண்கள்

நுழையும்முன்

கடற்கரையில் நிற்கும் ஒவ்வொருவரும் அலையின் உயரத்தைத் தம் கண்ணால் மதிப்பிடுகின்றனர். கடலில் மிதக்கும் கருவியும் அலையை அளக்கின்றது. இரண்டும் தரும் விடைகள் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை. இவ்வேறுபாடு எதனால் ஏற்படுகின்றது? கண்ணை எந்த அளவிற்கு நம்பலாம்? கருவியை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும்? அறிவியல் வகுப்பிற்கு உரியனவாகத் தோன்றும் இவ்வினாக்கள், கடற்கரையில் உயிர்காக்கும் வினாக்களாகவும் விளங்குகின்றன.

அளத்தல் என்பது மனித அறிவின் தொடக்கங்களுள் ஒன்று. சாண், முழம் எனத் தம் உடலையே அளவுகோலாகக் கொண்டு உலகை அளந்தவர்கள் நம் முன்னோர். நிலம் அசையாது நிற்பதால் அதன்மீது கோல் வைத்து அளக்க முடிந்தது. கடலலையோ இக்கணம் இருந்த இடத்தில் மறுகணம் இருப்பதில்லை. அதன்மீது கோல் வைக்க இயலாது. ஆகவே, நெடுங்காலமாக அலையை அளக்கும் ஒரே கருவியாக மனிதனின் கண்ணே இருந்து வந்தது.

இன்று நிலைமை மாறிவிட்டது. மிதவைகளும் செயற்கைக்கோள்களும் இரவும் பகலும் அலைகளை அளந்து அனுப்புகின்றன. இந்நிலையில் இருவகையான கருத்துகள் எழுகின்றன. கருவி வந்த பின்னர்க் கண்ணின் மதிப்பீடு எதற்கு என்பர் சிலர். கடலோடு பிறந்து கடலோடு வளர்ந்தவனுக்குக் கருவி எதற்கு என்பர் வேறு சிலர். இவ்விரண்டு கருத்துகளும் முழுமையற்றவை. கண்ணைக் கருவியால் சோதித்துப் பழக்குவதும், கருவியின் எண்ணைக் கண்ணால் காணும் கடலோடு பொருத்திப் பார்ப்பதும் ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் கடலைப் பற்றிய அறிவு நிறைவுறும். இதனைச் சான்றுகளுடன் காண்போம்.

கண் ஏன் தவறுகின்றது?

அலையின் உச்சி முகடு என்றும், அதன் தாழ்வான பகுதி அகடு என்றும் வழங்கப்படும். முகட்டிற்கும் அகட்டிற்கும் இடைப்பட்ட செங்குத்துத் தொலைவே அலையின் உயரம். அடுத்தடுத்த இரு முகடுகள் ஓரிடத்தைக் கடப்பதற்கு ஆகும் காலம் அலைவுநேரம். வரையறை எளிதாகவே உள்ளது. ஆனால், கடலைப் பார்த்து அந்த அளவுகளைச் சொல்வது எளிதன்று.

முதற்காரணம், கடற்பரப்பில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு எதுவும் இல்லாமை. தெருவில் ஒரு மரத்தின் உயரத்தை நாம் மதிப்பிடும்போது அருகிலுள்ள வீடும், நடந்து செல்லும் மனிதரும் நமக்குத் துணைசெய்கின்றனர். கடலில் அத்தகைய துணை கிடையாது. ஒரு படகு கடந்து செல்லும் வேளையில்தான் அலை எவ்வளவு பெரியது என்பது நமக்குத் திடீரெனப் புலப்படுகின்றது.

இரண்டாவது காரணம், நாம் நிற்கும் இடம். மணல்மேட்டிலிருந்து கீழ்நோக்கிப் பார்ப்பவருக்கு அலை சிறியதாகத் தோன்றும். இடுப்பளவு நீரில் நிற்பவருக்கு அதே அலை மலையாக எழும். அலையை அதன் முன்புறத்திலிருந்து காண்பவரும் பின்புறத்திலிருந்து காண்பவரும் ஒரே விடையைச் சொல்வதில்லை. ஹவாய்த் தீவுகளில் அலைச்சறுக்கு வீரர்களிடையே வழங்கும் மரபு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உடையும் அலையின் முகப்பு இருபது அடி உயரம் இருந்தால், அவர்கள் அதனை ஏறத்தாழப் பத்து அடி என்றே குறிப்பிடுவர்.

மூன்றாவது காரணம் நுட்பமானது. கண் அலையின் உயரத்தைக் காண்பதைவிட அதன் சரிவையே மிகுதியாகக் காண்கின்றது. நான்கு நொடி அலைவுநேரம் கொண்ட ஓர் அலைக்கு ஆழ்கடலில் ஏறத்தாழ 25 மீட்டர் அலைநீளம் இருக்கும். அது ஒரு மீட்டர் உயரம் எழுந்தாலே கடல் கொந்தளிப்பதுபோல் தோன்றும். பதினெட்டு நொடி அலைவுநேரம் கொண்ட அலைக்கோ அலைநீளம் ஏறத்தாழ 500 மீட்டர். அதுவும் ஒரு மீட்டர் உயரமே எழுகின்றது எனக் கொள்வோம். அரை கிலோமீட்டர் நீளத்தில் ஒரு மீட்டர் ஏற்றம் என்பது கண்ணுக்குப் புலப்படாத சரிவு. கடல் அமைதியாக இருப்பதாகவே நாம் கருதுவோம். உயரம் ஒன்றே, கண் தரும் தீர்ப்போ வேறு.

நான்காவது காரணம், மனத்தின் இயல்பு. நாம் மதிப்பிடும்போது முழு எண்களை நாடுகின்றோம். ‘ஒன்று புள்ளி மூன்று மீட்டர்’ என்று எவரும் கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை. ‘ஒரு மீட்டர்’ என்றோ ‘ஒன்றரை மீட்டர்’ என்றோதான் சொல்கின்றோம். மேலும், வரிசையாக வரும் அலைகளில் பெரியவற்றையே மனம் பற்றிக்கொள்கின்றது, சிறியவற்றை விட்டுவிடுகின்றது. இந்தக் கடைசி இயல்புதான் அலை அறிவியலின் வரலாற்றிலேயே இடம்பெற்றுவிட்டது.

ஓர் எண்ணின் வரலாறு

இரண்டாம் உலகப்போரின்போது படைவீரர்களைச் சிறு படகுகளில் ஏற்றிச் சென்று பகைவர் வாழும் கடற்கரையில் இறக்க வேண்டிய தேவை எழுந்தது. அலை சற்றுப் பெரிதானாலும் அப்படகுகள் பக்கவாட்டில் திரும்பிக் கவிழ்ந்துவிடும். எனவே, குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட கரையில் அலை எவ்வளவு உயரம் எழும் என்பதை முன்கூட்டியே அறிய வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹரால்டு சுவர்டுரப், வால்டர் மங்க் ஆகிய இருவரும் இப்பணியில் ஈடுபட்டனர். 1944-ஆம் ஆண்டு ஜூன் 5 அன்று திட்டமிடப்பட்டிருந்த நார்மண்டித் தரையிறக்கம், மோசமான வானிலையினால் ஒருநாள் தள்ளி ஜூன் 6 அன்று நிகழ்ந்தது என்னும் வரலாற்றுச் செய்தியிலிருந்து காற்றையும் அலையையும் கணிப்பது எத்துணை இன்றியமையாததாக இருந்தது என்பதை உணரலாம்.

அலையைக் கணிப்பதற்கு முன் ஒரு வினாவிற்கு விடை காண வேண்டியிருந்தது. ஒரே நேரத்தில் சிறிதும் பெரிதுமாகப் பல அலைகள் வரும்போது, எந்த அலையின் உயரத்தைக் ‘கடலலையின் உயரம்’ என்று சொல்வது? அனைத்தையும் கூட்டிச் சராசரி காண்பது கணக்கிற்கு எளிது. ஆயினும், படகோட்டிகளும் பயிற்சி பெற்ற பார்வையாளர்களும் கண்ணால் பார்த்துச் சொன்ன உயரம் அந்தச் சராசரியைவிட மிகுதியாகவே இருந்தது. வரும் அலைகளை உயரத்தின்படி வரிசைப்படுத்தி, அவற்றுள் உயர்ந்த மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சராசரி கண்டால், அது அனுபவமுடைய கண் சொல்லும் உயரத்திற்கு நெருக்கமாக அமைந்தது. அதுவே ‘குறிப்பிடத்தக்க அலை உயரம்’ என்னும் அளவாயிற்று.

இன்று உலகெங்கும் வெளியிடப்படும் அலை முன்னறிவிப்புகளில் இடம்பெறும் உயரம் இந்த அளவே. இப்போது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கங்களுக்குத் திட்டவிலக்கம் கண்டு, அதனை நான்கால் பெருக்கி இவ்வுயரத்தைக் கணிக்கின்றனர். பத்தாம் வகுப்பில் படித்த திட்டவிலக்கம் கடலுக்குச் சென்று பயன்படுகின்றது. ஆனால், ‘நான்கு’ என்னும் அந்தப் பெருக்கெண் வந்ததன் பின்னணியில் கடலைப் பார்த்துப் பழகிய மனிதரின் கண் இருக்கின்றது. கண் சொன்னதோடு ஒத்துப்போகுமாறுதான் கருவியின் எண் வடிவமைக்கப்பட்டது. கண்ணுக்கும் கருவிக்கும் பகை இருப்பதாகக் கருதுவோர் இவ்வரலாற்றை நினைவிற்கொள்ள வேண்டும்.

கருவி என்ன செய்கின்றது?

கடலலையை அளக்கும் கருவிகளுள் பரவலாகப் பயன்படுவது அலைமிதவை. ஒரு மீட்டருக்கும் குறைவான விட்டமுடைய பந்து போன்ற அம்மிதவை, நெகிழும் கயிற்றினால் கடலடியில் நங்கூரமிடப்பட்டிருக்கும். அதனுள் ஒரு முடுக்கமானி உண்டு. அலையோடு மிதவை ஏறி இறங்கும்போது ஏற்படும் முடுக்கத்தை அது பதிவு செய்கின்றது. முடுக்கத்தை ஒருமுறை தொகையிட்டால் திசைவேகமும், இன்னொருமுறை தொகையிட்டால் இடப்பெயர்ச்சியும் கிடைக்கும் என்பது நாம் அறிந்ததே. அவ்வாறு கிடைக்கும் ஏற்ற இறக்கக் கணக்கிலிருந்து அலையின் உயரமும், அலைவுநேரமும், வந்த திசையும் பெறப்படுகின்றன.

இம்மிதவைகள் இந்தியக் கடற்கரையோரங்களிலும் நிறுவப்பட்டுள்ளன. ஐதராபாத்தில் 1999-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், அவற்றின் தரவுகளையும் கணினிக் கணிப்புகளையும் கொண்டு கடல்நிலை முன்னறிவிப்புகளை வெளியிடுகின்றது. வானிலிருந்தும் அலைகள் அளக்கப்படுகின்றன. 2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய-பிரெஞ்சுக் கூட்டுமுயற்சியான சரள் செயற்கைக்கோள், கடற்பரப்பை நோக்கி அலைக்கற்றையை அனுப்பி, அது திரும்பி வரும் வடிவத்திலிருந்து அலை உயரத்தைக் கண்டறியும் கருவியைத் தாங்கிச் சென்றது.

கருவிக்கு அச்சமும் களைப்பும் இல்லை. நள்ளிரவிலும் அது விழித்திருக்கின்றது. புயல் வரும்போது கப்பல்கள் விலகிச் சென்றுவிடுகின்றன. கரையில் நிற்பவரும் வீடு திரும்பிவிடுகின்றனர். எனவே, கண்ணால் பார்த்து எழுதிய குறிப்புகளில் கடுஞ்சீற்றம் கொண்ட நாள்கள் குறைவாகவே பதிவாகின்றன. மிதவை மட்டும் புயலின் நடுவிலும் கணக்கெடுத்துக்கொண்டே இருக்கின்றது.

கருவிக்கும் எல்லை உண்டு

இத்துணைச் சிறப்புடைய கருவியையும் கண்மூடி ஏற்றுக்கொள்ள இயலாது. மிதவை ஆழமான நீரில் நிற்கின்றது. நாம் நிற்பதோ கரையில். ஆழ்கடலிலிருந்து வரும் அலை ஆழங்குறைந்த பகுதியை அடையும்போது வேகம் குறைந்து, உயரம் கூடி, வளைந்து, இறுதியில் உடைகின்றது. கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனையில் அலையின் ஆற்றல் குவிகின்றது. உள்வாங்கிய குடாவில் அது பரவித் தணிகின்றது. ஆகவே, ஒரே மிதவை காட்டும் ஒரே எண்ணிற்கு அருகருகே உள்ள இரண்டு ஊர்களில் இருவேறு அலைகள் எழக்கூடும். எந்தப் பாறையருகே அலை எப்படி உடையும் என்பதை அவ்வூர்க் கண்களே நன்கறியும்.

கூர்மையான முகடு வரும்போது மிதவை அதன்மீது ஏறாமல் பக்கவாட்டில் வழுக்கிச் செல்வதுண்டு. அவ்வேளையில் அலையின் உண்மையான உச்சி பதிவாகாமல் போகின்றது. மிதவையின்மீது கடலுயிரிகள் ஒட்டி வளர்கின்றன. கப்பல் மோதுவதாலும் வலைகள் சிக்குவதாலும் நங்கூரம் அறுந்து மிதவை அடித்துச் செல்லப்படுகின்றது. செயற்கைக்கோளின் கருவியும் கரையை நெருங்கும்போது நிலத்திலிருந்து எதிரொலிக்கும் குறிப்புகளால் குழப்பமடைகின்றது.

எண்ணைப் புரிந்துகொள்வதிலும் ஓர் இடர் உள்ளது. அலை உயரம் 2 மீட்டர் என்னும் முன்னறிவிப்பைக் கேட்பவர், இரண்டு மீட்டருக்குமேல் அலை எழாது என்று எண்ணிவிடலாம். முன்னர்க் கண்டவாறு, அது உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி மட்டுமே. அன்று வரும் எல்லா அலைகளின் சராசரி ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டராகத்தான் இருக்கும். ஆனால், ஆயிரம் அலைகளுக்கு ஓர் அலையேனும் ஏறத்தாழ மூன்றே முக்கால் மீட்டர் உயரம் எழக்கூடும். பத்து நொடிக்கு ஓர் அலை வருமாயின், ஆயிரம் அலைகள் மூன்று மணிநேரத்திற்குள் வந்துவிடும். மூன்று மணிநேரம் கடற்கரையில் இருப்பவர் அந்த ஓர் அலையையும் எதிர்பார்க்க வேண்டும். கருவி பொய் சொல்லவில்லை. எண்ணின் பொருளை நாம்தான் அறிந்திருக்க வேண்டும்.

சான்றாகும் கண்

கண் தவறக்கூடியது என்பதனால் கண்டவர் சொல்வதையெல்லாம் ஒதுக்கிவிடலாமா? அவ்வாறு ஒதுக்கியதனால் அறிவியல் நெடுங்காலம் ஓர் உண்மையை இழந்திருந்தது. 1826-ஆம் ஆண்டில் இந்தியப் பெருங்கடலில் 33 மீட்டர் உயர அலையைக் கண்டதாகப் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி துமோன் துர்வில் தெரிவித்தார். அறிஞர் உலகம் அவரை எள்ளி நகையாடியது. மாலுமிகள் அச்சத்தில் மிகைப்படுத்துகின்றனர் என்பதே அன்றைய பொதுக்கருத்து.

1933-ஆம் ஆண்டு பிப்ரவரி 7 அன்று பசிபிக் பெருங்கடலில் சென்றுகொண்டிருந்த ராமப்போ என்னும் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் பெரும்புயலில் சிக்கியது. கப்பலின் பின்பகுதி அலையின் அகட்டில் தாழ்ந்திருந்த கணத்தில், மேல்தளத்தில் நின்ற அதிகாரியின் கண்ணும், பாய்மரத்திலுள்ள கண்காணிப்புக் கூண்டும், பின்னால் எழுந்த அலைமுகடும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்தன. கப்பலின் நீளமும் உயரமும் முன்பே அறியப்பட்டவை. ஆகவே, வடிவியலைக் கொண்டு அலையின் உயரம் 34 மீட்டர் எனக் கணிக்கப்பட்டது. அங்கே கப்பலே அளவுகோலாயிற்று. வெறுங்கண் தடுமாறும், அறிந்த ஓர் அளவோடு சேர்ந்த கண் கருவியாகிவிடும். இந்நிகழ்வு உணர்த்தும் பாடம் அதுவே.

ஆயினும், ஐயம் முற்றிலும் நீங்கியது 1995-ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்றுதான். வடகடலில் அமைந்த திராப்னர் எனும் எரிவாயு மேடையில், கீழ்நோக்கிப் பொருத்தப்பட்டிருந்த லேசர் கருவி ஏறத்தாழ 26 மீட்டர் உயர அலை ஒன்றைப் பதிவு செய்தது. அப்போது அங்கே குறிப்பிடத்தக்க அலை உயரம் ஏறத்தாழ 12 மீட்டர் மட்டுமே. சுற்றியுள்ள அலைகளைவிட இருமடங்கிற்கும் மேலாகத் திடீரென எழும் பேரலைகள் உண்டு என்பதைக் கருவி மெய்ப்பித்தது. நூற்றாண்டுகளாக மாலுமிகள் சொல்லிவந்தது வெறுங்கதையன்று என்பதை உலகம் ஏற்றது. கண்டவர் சொல்லைக் கருவி உறுதிசெய்த நாள் அது.

கண்ணின் மதிப்பீடு பயன்படுவதற்கு மற்றொரு சான்றும் உண்டு. முன்னர்க் குறிப்பிட்ட ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான ஓவாகுவின் வடகரையில், 1968-ஆம் ஆண்டு முதல் நாள்தோறும் அலையின் உயரம் கண்ணால் பார்த்துக் குறிக்கப்பட்டு வருகின்றது. மிதவைகள் வந்தபின் அக்குறிப்புகளை அவற்றின் அளவுகளோடு ஒப்பிட்டனர். உண்மையான உயரத்தில் ஏறத்தாழப் பாதியைச் சொல்லும் வட்டார மரபில் அவை எழுதப்பட்டிருந்தன. ஆனால், ஆண்டுகள் பல கடந்தும் அம்மரபு மாறாமல் ஒரே சீராகப் பின்பற்றப்பட்டிருந்தது. ஆகவே, தக்க எண்ணால் பெருக்கி அவற்றை மீட்டெடுக்க முடிந்தது. மிதவைகள் இல்லாத காலத்தின் அலை வரலாறும் கிடைத்தது.

எந்நாளும் பத்து நிமிடம் முந்திக் காட்டும் கடிகாரத்தைக் கொண்டு நேரத்தைச் சரியாக அறிந்துகொள்ளலாம். ஒருநாள் முந்தியும் ஒருநாள் பிந்தியும் காட்டும் கடிகாரத்தால் பயனில்லை. கண்ணின் மதிப்பீட்டிற்கும் இது பொருந்தும். ஒரே சீராகத் தவறும் கண்ணைத் திருத்திக்கொள்ளலாம். அவ்வாறு திருத்துவதற்குக் கருவியோடு ஒப்பிடுதல் ஒன்றே வழி.

பிழையின் விலை

சிறு பிழைக்கு இத்துணை முதன்மை தர வேண்டுமா என்னும் ஐயம் எழலாம். அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் அமைகின்றது. உயரத்தைக் கால்பங்கு மிகுத்துச் சொன்னால், ஆற்றலின் மதிப்பு பாதிக்கும் மேலாக மிகுந்துவிடுகின்றது. துறைமுகச் சுவருக்கும், கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவிற்கும் இடவேண்டிய பாறைகளின் எடை, அலை உயரத்தின் மும்மடியைப் பொறுத்தது. அங்கே அதே கால்பங்குப் பிழை, பாறையின் எடையை ஏறத்தாழ இருமடங்காக்கிவிடும். குறைத்து மதிப்பிட்டாலோ கட்டியது நிலைக்காது.

அலை வரும் கோணத்தில் நேரும் பிழையும் சிறிதன்று. சாய்வாக வந்து மோதும் அலைகளே கரையோர மணலை நகர்த்துகின்றன. சென்னைத் துறைமுகச் சுவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தபின், வடக்கு நோக்கி நகர்ந்த மணல் தடைப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பகுதி கடலரிப்புக்கு உள்ளாயிற்று. அலையின் உயரத்தையும் திசையையும் சரியாக அறிவது, ஓர் ஊரின் நிலத்தையும் வாழ்வையும் காப்பதோடு தொடர்புடையது என்பதற்குச் சென்னையே சான்று.

கள்ளக்கடல் கற்பிக்கும் பாடம்

கண் முற்றிலும் ஏமாறும் ஒரு நிலையும் உண்டு. தென்பெருங்கடலில் எழும் புயல்கள் நீண்ட அலைவுநேரம் கொண்ட அலைகளைத் தோற்றுவிக்கின்றன. அவற்றின் ஆற்றல் நாளொன்றுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, சில நாள்களில் இந்தியாவின் தென்கரையை அடைகின்றது. அப்போது நம் கரையில் காற்று இராது, வானம் தெளிந்திருக்கும், தொலைவில் கடல் பளிங்குபோல் கிடக்கும். முன்னர்க் கண்ட ஐந்நூறு மீட்டர் நீள அலை அதுவே. கரையை நெருங்கியதும் அது உயர்ந்தெழுந்து, வழக்கமாக நீர் எட்டாத இடம்வரை பாய்ந்து, திரும்பும்போது நின்றவரை இழுத்துச் செல்லும்.

சொல்லாமல் வரும் இவ்வலைக்குக் கேரளக் கடற்கரை மீனவர்கள் இட்ட பெயர் ‘கள்ளக்கடல்’. திருடனைப்போல் வரும் கடல் என்பது அதன் பொருள். யுனெஸ்கோ இச்சொல்லை 2012-ஆம் ஆண்டில் அறிவியல் வழக்கிற்கு ஏற்றுக்கொண்டது. இந்நிகழ்வைக் கருவிகள் விளக்குவதற்கு முன்பே மீனவரின் கண் கண்டது. அவரது மொழி பெயரிட்டது. ஆயினும், அது எந்நாளில் வரும் என்பதைக் கரையில் நின்று சொல்ல எந்தக் கண்ணாலும் இயலாது. அதனைத் தொலைவிலுள்ள மிதவையும் செயற்கைக்கோளும் கணிப்பும்தான் சொல்ல முடியும்.

2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. அந்நாள்களில் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவம் பயின்ற இளைஞர் ஐவர் அலையால் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தனர். பிறர் உயிரைக் காக்கக் கற்றவர்களை நாடு இழந்தது. அவர்களைக் குறைகூறுவது முறையன்று. எச்சரிக்கை விடுத்தல் ஒன்று. அது கரையில் நிற்பவரின் செவிக்கும் அறிவிற்கும் எட்டுதல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவைக் குறைப்பதே கல்வியின் கடமை.

நாம் செய்ய வேண்டுவன

ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கடற்கரையை உடையது தமிழ்நாடு. வாடை, கொண்டல், கோடை, தென்றல் எனக் காற்றைத் திசைவாரியாகப் பெயரிட்டு அறிந்த மொழி நம்முடையது. உற்றுநோக்கல் நமக்குப் புதிதன்று. உற்றுநோக்கியதைத் தேதியிட்டு எழுதுவதும், எழுதியதை அளவோடு ஒப்பிடுவதுமே நாம் இன்னும் வளர்த்துக்கொள்ள வேண்டிய பழக்கங்கள்.

அமெரிக்காவில் 1960-களின் இறுதியில் தொடங்கப்பட்ட ஒரு திட்டத்தில், தன்னார்வலர்கள் கடற்கரையில் நின்று உடையும் அலையின் உயரத்தையும் திசையையும் நாள்தோறும் குறித்தனர். பதினொரு முகடுகள் ஓரிடத்தைக் கடக்கும் காலத்தைக் கணக்கிட்டு, அதனைப் பத்தால் வகுத்து அலைவுநேரம் கண்டனர். அதற்குத் தேவைப்பட்டவை ஒரு கடிகாரமும் ஒரு குறிப்பேடும் பொறுமையுமே. நம் கடலோரப் பள்ளிகளிலும் இத்தகைய அலைக்குறிப்பேடு பேணப்பட வேண்டும் என்பது என் கருத்து. பாதுகாப்பான இடத்தில், ஆசிரியர் துணையோடு, ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில் நாள்தோறும் குறிக்கலாம். பின்னர் அன்றைய கடல்நிலை அறிவிப்போடு ஒப்பிட்டால், தம் கண் எவ்வளவு மிகுத்துச் சொல்கின்றது, எவ்வளவு குறைத்துச் சொல்கின்றது என்பதை ஒவ்வொரு மாணவரும் அறிந்துகொள்வர்.

மீனவர் கண்டு சொல்பவையும் இவ்வாறே பதிவு செய்யப்பட வேண்டும். அவர்தம் அறிவை வெறும் அனுபவம் என்று ஒதுக்குவதும், சோதனைக்கு அப்பாற்பட்டது என்று போற்றுவதும் அவ்வறிவிற்கு நன்மை செய்யா. எச்சரிக்கை வெளியிடுவோர் ‘2 மீட்டர்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், அதனினும் ஏறத்தாழ இருமடங்கு உயர அலையும் எழக்கூடும் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்றை உறுதியாகக் கொள்வோம். கருவி அமைதி என்று சொல்லும்போது கண் ஆபத்தைக் கண்டால், கண்ணை நம்பிக் கரையேற வேண்டும். கண் அமைதியைக் காணும்போது கருவி ஆபத்து என்று சொன்னால், கருவியை நம்பிக் கரையிலேயே நிற்க வேண்டும். இரண்டுள் எது எச்சரித்தாலும் அதற்குச் செவிசாய்ப்பதே அறிவுடைமை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி வளாகத்திலுள்ள கொடிக்கம்பம், மரம், கட்டடம் ஆகியவற்றின் உயரத்தை வகுப்பினர் அனைவரும் கண்ணால் மதிப்பிட்டு எழுதுக. பின்னர் அளந்து ஒப்பிட்டு, மதிப்பீடுகள் ஒரே சீராகத் தவறியுள்ளனவா என ஆராய்க.

2. ‘கருவிகள் பெருகிய காலத்தில் மனிதரின் உற்றுநோக்கல் தேவையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. காற்று, மழை, அலை ஆகியவற்றைக் குறித்து உங்கள் பகுதியில் வழங்கும் சொற்களை மீனவரிடமும் உழவரிடமும் கேட்டுத் தொகுத்து, அகராதி வடிவில் அமைக்க.

4. ‘அலை உயரம் 2 மீட்டர்’ என்னும் எச்சரிக்கையின் பொருளைக் கடற்கரைக்கு வரும் பொதுமக்கள் எளிதில் புரிந்துகொள்ளுமாறு ஓர் அறிவிப்புப் பலகைக்கான வாசகம் எழுதுக.